மாலி மூசாவை ஸ்கிப் செய்யாதீர்கள்: தமிழில் கேம் ஸ்ட்ரீம் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கேம் ஸ்ட்ரீம் செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் லைவ் வரும்போது தவறாமல் பார்ப்பவன், சாட்டில் அவ்வப்போது எழுதுபவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். விஷயம், 1403-ஆம் ஆண்டுப் பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) நடக்கும் ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2’ என்ற கேம் பற்றியது. அதை ஒட்டி, இடைக்கால உலகத்தில் நடக்கும் எல்லா கேம்களையும் பற்றியது.

2025 பிப்ரவரியில் அந்த கேம் வெளியானபோது உங்களில் பலர் விடிய விடிய ஆடினீர்கள். வாள் சண்டையின் நுணுக்கத்தைப் புகழ்ந்தீர்கள். மருந்து காய்ச்சுவதைப் படிப்படியாகச் செய்து காட்டினீர்கள். கவசத்தில் எதன் மேல் எதை அணிய வேண்டும் என்று பாடமே எடுத்தீர்கள். பிறகு ஹங்கேரி மன்னர் சிகிஸ்மண்டின் பரிவாரத்தில் மாலி நாட்டு மூசா வந்தார். நான் பார்த்த பல ஸ்ட்ரீம்களில் அந்த இடத்தில் சாட் பொங்கியது. “1403-ல செக் நாட்டுல கறுப்பர் எப்படி வந்தார்?”, “இதெல்லாம் வோக்”, “வரலாற்றைக் கெடுத்துட்டாங்க.” உங்களில் சிலர் சிரித்துவிட்டு நகர்ந்தீர்கள். சிலர் டயலாக்கை ஸ்கிப் செய்தீர்கள். “ஆமா ப்ரோ, இது திணிப்புதான்” என்று சிலர் ஒத்துக்கொண்டும் பேசினீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு முகத்தைப் பார்த்ததும் “வரலாற்றில் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர் யார், எந்த வழியாக வந்தார், அங்கே என்ன வேலையாக இருக்கிறார் என்று கேளுங்கள். கேமை எழுதியவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தால் பாராட்டுங்கள். வைத்திருக்காவிட்டால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

முதலில் இந்தக் கேமைச் செய்த பிராக் நகரத்து நிறுவனத்துக்கு நியாயம் செய்துவிடுகிறேன். 2014-ல் அவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய காலத்திலேயே இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது. உங்கள் கேமில் ஏன் கறுப்பர்களே இல்லை என்று கேட்டார்கள். 2018-ல் முதல் பாகம் வந்தபோது அது பெரிதாக வெடித்தது. அந்தக் கேம் நடப்பது ஸாஸாவா ஆற்றை ஒட்டிய சில கிராமங்களிலும் கோட்டைகளிலும். ஹென்றி என்ற கொல்லன் மகனின் ஊர் எரிக்கப்படுகிறது, அவன் ஓடுகிறான், அதுதான் கதை. அந்தச் சின்ன நிலப்பரப்பில், அந்த ஒரு வருடத்தில், ஆப்பிரிக்க முகம் ஒன்றுகூட இல்லை என்று எழுதுவது தவறே இல்லை. செக் மக்களின் வரலாறு ஒரு பெரிய கேமில் சொல்லப்படுவது எத்தனை அபூர்வம்! ஹாப்ஸ்பர்க் ஆட்சி, நாஜிகள், சோவியத் படை என்று அடுத்தடுத்து மிதிபட்ட சிறிய தேசம் அது. தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வந்தபோது, அமெரிக்காவின் இன வரலாற்றை அப்படியே கொண்டுவந்து அளவுகோலாக வைத்தால் அவர்களுக்கு வலிக்கும். அந்த வலி நமக்குப் புரியும்.

ஆனால் “இந்தச் சில கிராமங்களில் இல்லை” என்பது ஒரு பேச்சு. “இடைக்கால ஐரோப்பாவிலேயே இல்லை” என்பது முற்றிலும் வேறு பேச்சு. முதல் பேச்சுக்கு ஆதரவாகக் கிளம்பிய கூட்டம் எந்த இடத்தில் இரண்டாவதற்குத் தாவியது என்று யாருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டுத் தளங்களில் எழுதப்பட்டதை மொழிபெயர்த்து இங்கே நம் சாட்டிலும் ஒட்டுகிறார்கள்.

முதல் பாகத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. அதைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதுதான் என் ஆதங்கம். குமன்களை நினைத்துப் பாருங்கள். ஹென்றியின் ஊரை எரிக்கும் சிகிஸ்மண்டின் படையில் வருகிறார்களே, அவர்கள்தான். அந்தப் பாகம் முழுக்க அவர்கள் வெட்டுவதற்கான உடல்கள் மட்டுமே. காட்டில் முகாம் போட்டிருப்பார்கள், பார்த்ததும் பாய்வார்கள், நாம் கொன்றுவிட்டு உடைமைகளை எடுத்துக்கொள்வோம். வரலாற்றில் குமன்கள் யார்? துருக்கிய மொழி பேசிய புல்வெளி மக்கள். மங்கோலியர் துரத்தியதால் 1239-ல் தங்கள் தலைவன் கோட்டன் தலைமையில் ஹங்கேரியில் தஞ்சம் புகுந்தவர்கள். ஒரு தலைமுறைக்குள்ளேயே அரச குடும்பத்துடன் மணவுறவு வைத்துக்கொண்டார்கள். 1272 முதல் 1290 வரை ஹங்கேரியை ஆண்ட நான்காம் லாஸ்லோவின் தாய் குமன் பெண். அதனால் அந்த மன்னனுக்கே ‘குமன் லாஸ்லோ’ என்றுதான் பெயர். ஆக, 1403-ல் பொஹீமியாவுக்குள் வந்த குமன் வீரனுக்கு ஹங்கேரியில் வீடும் நிலமும் நூற்றைம்பது வருடத்து வேரும் இருந்தன. இரண்டாம் பாகத்தில் படையை விட்டு ஓடிய குமன்கள் சிலரோடு ஹென்றி உட்கார்ந்து குடித்துப் பேச முடிகிறது. ஊரைப் பறிகொடுத்த ஒருவன், அதைப் பறித்த படையைச் சேர்ந்தவர்களோடு ஒரே இடத்தில் உட்காருகிறான். எனக்கு அந்தக் கேமில் மிகவும் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. பன்முகத்தன்மை என்றதும் கறுப்பா வெளுப்பா என்று மட்டும் பார்ப்பதால்தான் இப்படிப்பட்டவை நம் கண்ணில் படாமல் போகின்றன.

இரண்டாம் பாகத்தில் வரும் குட்டன்பெர்க் நகரத்தையும் பாருங்கள். நீங்கள் எல்லோரும் அதன் தெருக்களை வியந்து சுற்றிக் காட்டினீர்கள். வெள்ளிச் சுரங்கத்தால் கொழுத்த ஊர் அது. 1300-ல் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னர் பிராக் க்ரோஷன் என்ற வெள்ளி நாணயத்தை அங்கே அச்சடிக்கத் தொடங்கியபோது, அதற்கான வல்லுநர்களை ஃபுளோரன்ஸிலிருந்து வரவழைத்தார். அந்த நாணயச்சாலைக்கு இன்றைக்கும் ‘இத்தாலிய முற்றம்’ என்றுதான் பெயர். சுரங்கத் தொழிலில் ஜெர்மானியர்கள் நிறைந்திருந்தார்கள். 1409-ல் அதே ஊரிலிருந்து ஓர் அரசாணை வந்தது. பிராக் பல்கலைக்கழகத்தில் பொஹீமியருக்கு மூன்று ஓட்டு, மற்ற நாட்டினர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஓட்டு என்றது. கோபித்துக்கொண்டு ஜெர்மானிய ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியேறினார்கள், லைப்ஸிக்கில் புதிய பல்கலைக்கழகமே பிறந்தது. யூதர்களின் நிலை இன்னும் கொடுமை. 1389 ஈஸ்டரின்போது பிராக் நகரின் யூதர் தெரு சூறையாடப்பட்டது, ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்த அவிக்தோர் காரா என்ற ரபி எழுதிய இரங்கற்பா இன்றும் நிலைத்திருக்கிறது. கேம் நடக்கும் காலத்துக்குப் பதினான்கு வருடம் முன்புதான் இது. குட்டன்பெர்க்கின் யூதர் தெருவுக்குள் ஹென்றி நடக்கும்போது அங்கிருப்பவர்கள் கண்ணில் ஏன் அப்படி ஒரு எச்சரிக்கை என்பதற்கு இதுதான் காரணம். ஒரே மொழி, ஒரே முகம், ஒரே மதம் என்று அமைதியாக வாழ்ந்த ஐரோப்பா ஒன்று இருந்தது என்பது பின்னால் வந்தவர்களின் கற்பனை.

சரி, மூசாவுக்கு வருவோம்.

சிகிஸ்மண்ட் ஊரை விட்டு நகராத மன்னர் அல்ல. 1396-ல் டான்யூப் கரையில் நிக்கோபோலிஸ் என்ற இடத்தில் ஒட்டோமான் படையிடம் தோற்றார். படகேறித் தப்பி, கான்ஸ்டான்டிநோபிள் போய், அங்கிருந்து கடல் வழியாக கிரேக்கத்தைச் சுற்றிக்கொண்டு நாடு திரும்பினார். உலகத்தின் நாலா பக்கத்து வணிகர்களும் பயணிகளும் வந்து போகும் துறைமுகங்களைக் கண்ணால் பார்த்தவர். அவர் பரிவாரத்தில் வெளிநாட்டு அறிஞர் ஒருவரை வைப்பது எழுத்தாளரின் கற்பனைதான். ஆனால் காலூன்ற நிலம் உள்ள கற்பனை.

மாலியிலிருந்து ஒருவர் வர முடியுமா? மாலியின் பேரரசர் மான்சா மூசா 1324-ல் மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. 1375-ல் மயோர்க்கா தீவில் வரையப்பட்ட கட்டலான் வரைபடத்தில், சஹாராவுக்குத் தெற்கே, தலையில் கிரீடமும் கையில் தங்கக் கட்டியுமாக அவர் அமர்ந்திருக்கிறார். ஐரோப்பிய நாணயச்சாலைகளில் உருகிய தங்கத்தில் ஒரு பங்கு அவர் ஆண்ட நிலத்திலிருந்து ஒட்டகத்தின் மேல் பாலைவனத்தைக் கடந்து வந்தது. பொருள் வந்த பாதையில் மனிதரும் வருவார்கள்.

இன்னும் நெருக்கமான ஆதாரம் வேண்டுமென்றால், 1402-ஐப் பாருங்கள். கேம் நடப்பதற்கு ஒரே ஒரு வருடம் முன்னால். எத்தியோப்பிய அரசர் டாவிட் அனுப்பிய தூதுக்குழு வெனிஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. பரிசுப் பொருட்களோடு சிறுத்தைகளையும் கொண்டுவந்தார்கள். அதே 1402-ல்தான் சிகிஸ்மண்ட் தன் அண்ணன் வென்செஸ்லாஸைச் சிறைப்பிடித்தார். அதாவது, கேமின் கதைக்கு வித்திட்ட அந்தக் குடும்பச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடத்திலேயே, ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே ஓர் ஆப்பிரிக்க அரசின் தூதர்கள் வெனிஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் எல்லாவற்றுக்கும் மேலாக உங்களிடம் காட்ட விரும்பும் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் மக்டபர்க் என்ற ஊரின் தேவாலயத்தில் ஒரு சிலை இருக்கிறது. 1240-களில் மணற்கல்லில் செதுக்கியது. புனித மாரிஸ் என்பவரின் சிலை. எகிப்தின் தீப்ஸ் நகரத்திலிருந்து வந்த ரோமானியப் படைத்தலைவர், மதத்துக்காக உயிர் நீத்தவர் என்பது அவரைப் பற்றிய மரபுக்கதை. புனித ரோமப் பேரரசின் காவல் புனிதர்களில் ஒருவர். பேரரசர் முதலாம் ஓட்டோ 937-லேயே அவர் பெயரில் அந்த ஊரில் மடம் நிறுவியிருந்தார். தேவாலயத்தை மீண்டும் கட்டியபோது அந்த ஊர்ச் சிற்பி அவரை எப்படிச் செதுக்கினான் தெரியுமா? ஆப்பிரிக்க முகத்தோடு. அகன்ற மூக்கு, தடித்த உதடு, பூசிய கறுப்பு வண்ணத்தின் மிச்சம். தலையைச் சுற்றி இரும்பு வளையங்கள் கோத்த முக்காடு முகத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. உடலில் வளையச் சட்டை, அதன் மேல் தகடுகள் பொருத்திய மேலங்கி. உள்பக்கம் இரும்புத் தகடுகளை ஆணியடித்துப் பொருத்தியிருப்பது வெளியே வரிசையாகத் தெரியும் ஆணித்தலைகளிலிருந்து புரிகிறது.

இந்த மேலங்கி உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேமில் நீங்கள் ‘கோட் ஆஃப் பிளேட்ஸ்’ என்று சொல்லிச் சொல்லி வாங்குவீர்களே, அதே வகைதான். கவச வரலாற்றை ஆராய்பவர்கள் இந்த வகைக் கவசத்தின் மிகப் பழைய சித்திரிப்புகளைத் தேடும்போது இந்தச் சிலையிடம்தான் வருகிறார்கள். கவசம் சரியாக இருக்கிறதா, காலம் பொருந்துகிறதா, ஆணி எந்தப் பக்கம் என்று மணிக்கணக்காகப் பேசும் நண்பர்களே, அந்தக் கவசத்தின் தொடக்க காலத்துக்குச் சாட்சியாக நிற்கிறவர் ஒரு கறுப்பர். குட்டன்பெர்க்குக்கு அருகில் ஓடும் எல்பே ஆறுதான் கீழே போய் மக்டபர்க்கையும் தொடுகிறது. சிலையைச் செதுக்கியவனுக்குக் கறுப்பர்களை நேரில் தெரியுமா, கேள்வியறிவா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கலாம். பேரரசின் காவலனைக் கறுப்பு நிறத்தில் முழுக் கவசத்தோடு நிறுத்தி, எல்லாரும் வந்து வணங்கும் இடத்தில் வைப்பதில் அந்தக் காலத்து மக்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடம் நம் காலத்து சாட்டில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கதைகளும் இதையே சொல்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஜெர்மன் காவியமான ‘பார்ஸிவால்’, ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றியது. அதில் நாயகனின் அண்ணன் ஃபைரஃபிஸ், வெள்ளைக்கார வீரனுக்கும் கறுப்பின அரசிக்கும் பிறந்தவன். வீரத்தில் நாயகனுக்கு இணையானவன். கடைசியில் இந்தியாவுக்குப் போய் ஆட்சி செய்கிறான் என்று கதை முடிகிறது. அதே நூற்றாண்டில் டச்சு மொழியில் எழுதப்பட்ட ‘மோரியன்’, தந்தையைத் தேடி வரும் கறுப்பு வீரனின் கதை. கடலைக் கடக்கப் படகு கேட்கிறான். அவன் தோற்றத்தைப் பார்த்துப் பயந்து யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கதாசிரியர் தன் நாயகனை அவர்களுக்கு நடுவே நிறுத்தினார், அவர்களுடைய பயத்தையும் மறைக்காமல் எழுதினார். இன்றைய கேம் எழுத்தாளர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த நேர்மையைத்தான்.

இந்த அளவுகோலில் பார்த்தால் இரண்டாம் பாகத்து மூசா தேறுகிறார். அவருக்கு ஊர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, வந்த வழி இருக்கிறது, மருத்துவம் தெரிகிறது. இந்த ஊர்ப் பழக்கவழக்கங்களைப் பற்றி அவருக்கென்று ஒரு கருத்தும் இருக்கிறது, அதை வாய்திறந்து சொல்கிறார். எல்லா என்பிசி (நாம் ஆடாத துணைப் பாத்திரங்கள்) முகங்களையும் கலக்கிப் போட்டு, எந்த ஊரில் எந்தச் சந்தையில் பார்த்தாலும் எல்லா நிறமும் சம அளவில் நடமாடும்படி வைத்து, அவர்கள் யார் எவர் என்று ஒரு வரிகூட எழுதாத கேம்களும் இருக்கின்றன. அதை நான் சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். நிறத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காமல் விடுவது யாருக்கும் மரியாதை இல்லை.

“ப்ரோ, இது நிஜ வரலாறு. விச்சர் மாதிரி கற்பனை உலகம்னா?” என்று சாட்டில் கேட்பார்கள். டிராகன் இருக்கலாம், கறுப்பர் இருக்கக்கூடாதா என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கற்பனை உலகத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு, எதை வேண்டுமானாலும் போடலாம் என்பதல்ல. 2015-ல் வந்த ‘விச்சர் 3’ போலந்துக்காரர்கள் செய்தது, ஸ்லாவிய நாட்டுப்புறக் கதைகளின் மண்வாசனை கொண்டது. அந்த மணத்தைக் காப்பாற்ற விரும்புவது நியாயம். ஆனால் அதே கேமில் துறைமுகங்கள் இருக்கின்றன, கடல் கடந்த வணிகம் இருக்கிறது, வரைபடத்துக்கு வெளியே நாடுகள் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். துறைமுகத்தை வரைந்துவிட்டால் கப்பலில் வருபவர்களையும் வரையத்தான் வேண்டும். அவர்களே அதை உணர்ந்ததுபோல், அடுத்து வந்த விரிவாக்கத்தில் ஓஃபிர் என்ற தூரதேசத்து மக்களைக் கொண்டுவந்தார்கள். அதனால் ஸ்லாவிய மணம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். சீனாவில் சுவான்சோ என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு தமிழில் இருக்கிறது. ஆண்டு 1281, குப்லாய் கான் ஆட்சிக் காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் நலத்துக்காகத் திருக்கானீச்சுரம் என்ற சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. அந்தக் கோயிலின் சிற்பத் துண்டுகளும் அந்த ஊரில் கிடைத்திருக்கின்றன. மங்கோலியர் ஆண்ட சீனத்தில், நம் ஊர் வணிகர்கள் கோயில் எழுப்பிச் சாமி கும்பிட்டிருக்கிறார்கள்.

நாளைக்கு ஒரு நிறுவனம் யுவான் வம்சத்துச் சீனாவை வைத்து ஒரு கேம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவான்சோ தெருவில் நெற்றியில் திருநீறும் இடுப்பில் வேட்டியுமாக ஒரு தமிழ் வணிகர் நிற்கிறார். மிளகு விலை பேசுகிறார், சைடு குவெஸ்ட் ஒன்றும் தருகிறார். நீங்கள் அன்றைக்கு என்ன செய்வீர்கள்? தம்ப்நெயிலில் அவர் முகத்தைப் போட்டு, “சீனாவில் நம்ம ஆளு” என்று தலைப்பு வைத்து, சாட்டே கொண்டாடும். அதே நேரத்தில் இன்னொரு மொழி ஸ்ட்ரீமில் யாரோ ஒருவர் “13-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் கறுப்பு இந்தியனா? அரசியல் திணிப்பு” என்று சொல்லி டயலாக்கை ஸ்கிப் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? கல்வெட்டின் படத்தோடு கமெண்டில் போய் நிற்போம். நானும் நிற்பேன். மூசாவைப் பார்த்துச் சிரித்தபோது மாலி நாட்டுப் பையன் ஒருவன் அதைப் பார்த்திருந்தால் அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நம் ஊரையே களமாக வைத்தாலும் இதே கதைதான். 11-ஆம் நூற்றாண்டு நாகப்பட்டினத்தை ஒருவர் கேமாகச் செய்து, தெருவில் தமிழ் முகங்களை மட்டும் வைத்தால் அது பிழை. ஸ்ரீவிஜய அரசர் பெயரில் எழுந்த சூடாமணி விகாரம் அங்கே இருந்தது, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்தார். கடல் கடந்து வந்த பௌத்தர்கள் அந்தத் தெருவில் நடந்தார்கள். அதற்கும் முன்னால், 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் சாட்சிகள் அரபு எழுத்திலும் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒரே பட்டயத்தில் இத்தனை மக்கள்! அந்தக் கடற்கரையிலிருந்து கிளம்பிய மிளகு எதுவரை போனது தெரியுமா? 10-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து கிளம்பி ஐரோப்பாவைச் சுற்றிய இப்ராஹிம் இப்னு யாகூப் என்ற யூதப் பயணி, ஜெர்மனியின் மைன்ஸ் நகரச் சந்தையில் மிளகும் இஞ்சியும் கிராம்பும் கிடைப்பதைப் பார்த்து வியந்து குறித்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வருபவை என்றும் சொல்கிறார். அதே மனிதர் பிராக் நகரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய ஊர், ரஷ்யரும் ஸ்லாவியரும் முஸ்லிம்களும் யூதர்களும் துருக்கியரும் வணிகத்துக்கு வந்து போகும் ஊர். ஹென்றி பிறப்பதற்கு நானூறு வருடத்துக்கு முன்பே பொஹீமியாவின் தலைநகரம் அப்படி இருந்திருக்கிறது.

நம்மை விட்டுவிட்டபோது நாம் சும்மா இருந்தோமா என்பதையும் யோசியுங்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999-ல் வந்தது. நம்மில் பலருக்குப் பிரவுசிங் சென்டர் காலத்துக் கேம் அது. அதில் இந்தியாவே இல்லை. 2013-ல் ‘இந்தியர்’ என்று ஒரே ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். இமயத்திலிருந்து குமரி வரை எல்லாரும் அதற்குள் அடக்கம், ஒட்டகப் படைதான் அதன் பலம். சோழர்களுக்கு ஏது ஒட்டகப் படை என்று எத்தனை பேர் எத்தனை இடத்தில் எழுதியிருப்போம்! 2022 ஏப்ரலில் அதைப் பிரித்தார்கள். திராவிடர் என்று தனி நாகரிகம் வந்தது, வலுவான கடற்படை வந்தது, திரிசடை என்ற கப்பல் வந்தது, ராஜேந்திரன் பெயரில் கேம்பெயினே வந்தது. உங்களில் ஒருவர் அந்தக் கேம்பெயினை முதன்முதலில் ஓட்டிய இரவு சாட் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. சந்தோஷத்தில் ஆளாளுக்கு மெய்க்கீர்த்தி வரிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் அதைத் திணிப்பு என்று சொல்லவில்லை. வரலாற்றைச் சரிசெய்தார்கள் என்றுதான் சொன்னோம். சரியாகவும் சொன்னோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. மூசா வந்தபோது சாட்டில் வந்ததெல்லாம் வரலாற்றுச் சந்தேகங்கள் அல்ல. “காக்கா”, “கரிச்சட்டி”, “லைட்ட போடுங்க, ஆளு தெரியல” என்று வந்தவைதான் அதிகம். இவை வெளிநாட்டிலிருந்து வந்த சொற்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் நம் தங்கையைப் பார்த்துச் சொன்னவை, கல்யாணப் பேச்சில் பெண்ணைப் பற்றிச் சொன்னவை, நம்மில் பலரைப் பார்த்தே சொன்னவை. உங்கள் ஸ்ட்ரீமைப் பார்க்கும் ஆயிரக்கணக்கானோரில் பாதிப்பேராவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களில் கறுத்த நிறத்துப் பிள்ளை ஒன்று, நீங்கள் அந்த வரிகளைப் படித்துச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவனை நினைத்துச் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. எதிர் அணியைத் திட்டினால் டைம்அவுட் கொடுக்கிறீர்கள், சாதிப் பேரைச் சொன்னால் பிளாக் செய்கிறீர்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். அதே பட்டியலில் இந்தச் சொற்களையும் சேர்த்துவிடுங்கள். மாடரேட்டர்களுக்கு ஒரு நிமிட வேலைதான்.

மற்றபடி நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு பாத்திரம் வந்தால் டயலாக்கை ஓடவிடுங்கள். “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்ற மாதிரி ஆப்ஷன் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பதில் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும், ஒப்பேற்றலாக இருந்தால் ஒப்பேற்றல் என்றும் சொல்லுங்கள். வெளிநாட்டு சேனல்களில் யாரோ கோபமாகப் பேசியதைப் பார்த்துவிட்டு அந்தக் கோபத்தை நமக்காக மொழிபெயர்க்காதீர்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் அவர்கள் ஊரின் தேர்தலும் அவர்கள் ஊரின் சண்டையும் இருக்கின்றன. நமக்கு அதில் பங்கு இல்லை. பல சமயம் அந்தக் கோபம் பேசுகிறவர்களின் அடுத்த குறி நம் நிறத்து ஆட்கள்தான்.

கவசம் பற்றி நீங்கள் எடுத்த பாடத்தின் அடுத்த பகுதியை எப்போதாவது செய்தால், மக்டபர்க் சிலையின் படத்தைத் திரையில் போடுங்கள். முக்காட்டில் ஆரம்பித்து ஆணித்தலை வரை ஒவ்வொன்றாக விளக்குங்கள். உங்களுக்கு அந்தக் கலை நன்றாக வரும். முகத்தைப் பற்றிச் சாட்டில் கேள்வி வந்தால் அதற்கும் பதில் சொல்லுங்கள். தகவல் தேடித் தர ஆள் வேண்டும் என்றால் கமெண்டில் ஒரு வார்த்தை போடுங்கள், நான் உதவுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஸ்ட்ரீம்களின் நெடுநாள் பார்வையாளன்